தூக்கத்தில் வாங்கிய அடி

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் போகும் சாலையில் குமராட்சி வருகிறது. தெற்கே கொள்ளிடம். மற்ற பக்கமெல்லாம் வாய்க்காலும் நெல் வயலும். அந்த ஒன்றியத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர் ஒன்றில், என் சின்னம்மா தன் கணவரை அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு வந்தது லூயி பாடி டிமென்ஷியா. 2019 பங்குனியில் இறந்தார்.

அந்த நோய் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் மூன்று பதில்கள் உண்டு. மருத்துவமனைக் கோப்பு 2015 என்கிறது. சொந்தக்காரர்களைக் கேட்டால், "பாவம், கல்யாணமான நாளிலிருந்தே அவருக்குள்ள அந்த வியாதி இருந்திருக்கு" என்பார்கள். சின்னம்மா சொல்வது: "சுனாமிக்கு முந்தின வருஷம். தண்ணி வராம நடவே நடக்காத வருஷம்." அதாவது 2003. இந்த மூன்றில் எது சரி என்பது வெறும் தேதிப் பிரச்சினை அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களின் பதில் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா இளவயதில் குடிப்பார், குடித்துவிட்டு அடிப்பார். 1974-ல் கல்யாணம். அதிலிருந்து ஏறத்தாழ இருபது வருஷம் அந்த வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து நடக்காத மாதம் குறைவு. 1995-ல் மஞ்சள் காமாலை வந்து பிழைத்தபின் குடியை விட்டார். கூடவே அடியும் நின்றது. அப்புறம் எட்டு வருஷம் சாதுவான மனிதர். 2003-ல் மறுபடி அடித்தார். இந்த முறை தூக்கத்தில்.

நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்குக் கத்துவார். காலை உதைப்பார். கையை ஓங்கிச் சுவரில் குத்துவார். பக்கத்தில் படுத்திருந்த சின்னம்மாவுக்கு ஒருமுறை உதடு கிழிந்தது. எழுப்பினால் ஒன்றும் தெரியாதவராக விழிப்பார். வயல்வரப்பில் யாரோ துரத்தியதாகவும், நாய் கடிக்க வந்ததாகவும் கனவு சொல்வார். கிழிந்த உதட்டைப் பார்த்து ஊர் என்ன நினைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "மறுபடி ஆரம்பிச்சுட்டானா?" என்று கேட்டார்களாம். சின்னம்மா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து நடுவில் இரண்டு தலையணை போட்டுப் படுத்தார்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. கனவு வருகிற ரெம் உறக்கத்தின்போது உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்று இருக்க வேண்டும். கனவில் ஓடினாலும் கால் ஓடாது. அந்தப் பூட்டு கழன்றுவிட்டால் கனவில் அடிப்பது நிஜமாகவே அடியாக விழும். 1986-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் ஆகியோர் அடங்கிய குழு இதைத் தனி நோயாக விவரித்தது. அப்படித் தூக்கத்தில் அடிப்பவர்களில் பலருக்கு, பல ஆண்டுகள் கழித்து, பார்க்கின்சன் நோயோ லூயி பாடி டிமென்ஷியாவோ வருகிறது என்பது பின்னால் தெரிந்தது. 2017-ல் உலக நிபுணர் குழு திருத்தி வெளியிட்ட வரையறையில் இந்த உறக்கக் கோளாறு லூயி பாடி டிமென்ஷியாவின் மைய அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

தூங்குகிறவருக்குத் தான் அடித்தது தெரியாது. ஆக இந்த அறிகுறிக்குச் சாட்சி, பெரும்பாலும், பக்கத்தில் படுத்திருந்தவர்தான். பெரும்பாலான நேரங்களில் அது மனைவி. மருத்துவ அறிவின் ஒரு முக்கியமான பகுதி பெண்கள் தூக்கத்தில் வாங்கிய அடியிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் நோயின் வரலாற்றை எடுத்தால் அங்கே அவர்கள் இல்லை.

அந்த வரலாறு இப்படித்தான் சொல்லப்படுகிறது. ஃப்ரிட்ஸ் ஹைன்ரிக் லேவி 1885-ல் பெர்லினில் பிறந்த யூதர். அலாய்ஸ் அல்சைமரின் மியூனிக் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையைக் கூறுபோட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பணுக்களுக்குள் சிறு உருண்டைகள் படிந்திருந்ததை 1912-ல் எழுதினார். 1919-ல் ட்ரெட்டியாகோஃப் அவற்றுக்கு லேவியின் பெயரை வைத்தார். 1933-ல் ஹிட்லர் வந்ததும் லேவி ஜெர்மனியை விட்டு வெளியேறி, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே பெயரின் எழுத்தையே மாற்றிக்கொண்டார். உருண்டைகளுக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்தது. நம் டாக்டர்கள் ஆங்கில வழியில் லூயி என்கிறார்கள்.

1976-ல் ஜப்பானின் கென்ஜி கொசாகா, மூளையின் மேற்பரப்பு முழுக்க அந்த உருண்டைகள் பரவியிருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த நோயாளி ஒரு பெண். அவரைக் கடைசி வரை யார் பார்த்துக்கொண்டார் என்பது நோயின் வரலாற்றில் வருவதில்லை. 1996-ல் நோயைக் கண்டறியும் பொதுவரையறை வந்தது. 1997-ல் உருண்டைகளுக்குள் இருப்பது ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் என்று தெரிந்தது.

அல்சைமரின் முதல் நோயாளி அகுஸ்டெ டெட்டரைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். 1901-ல் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு 1906-ல் இறந்தவர். 1995-ல் அவருடைய கோப்பு கிடைத்தது. அல்சைமர் கேட்ட கேள்விகளும் அவர் தட்டுத்தடுமாறிச் சொன்ன பதில்களும் அதில் இருக்கின்றன. தன் பெயரையே எழுத முடியாமல் தவித்த அந்தப் பெண்ணின் குரலை நூறு ஆண்டு கழித்து நம்மால் கேட்க முடிகிறது. கோப்பு என்றால் அதற்கு அவ்வளவு வலிமை. அந்த ஐந்தாண்டுகளில் அவரைக் குளிப்பாட்டிய, ஊட்டிய கைகள் யாருடையவை என்று தேடினால் பெயர் அகப்படுவதில்லை.

லேவி எழுதிய அதே 1912-ல் இங்கே இந்தியப் பைத்தியக்காரர் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரும் அப்படித்தான் இருந்தது, நான் கூட்டிச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தில் குடும்பம் என்பது மனு கொடுக்கும் ஒரு தரப்பு. கணவனோ மனைவியோ நெருங்கிய உறவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்து, மருத்துவச் சான்று காட்டி, ஒருவரை விடுதிக்குள் அனுப்பலாம். மனு கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சட்டத்தில் வேலை இல்லை. சென்னை மாகாணத்தில் கீழ்ப்பாக்கம் விடுதி 1871 முதல் இருந்தது. தென்னார்க்காட்டின் ஒரு கிராமத்திலிருந்து புத்தி தடுமாறிய கிழவரை அவ்வளவு தூரம் யார் கொண்டுபோயிருப்பார்கள்? அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் கிடந்து செத்தார்கள். பார்த்தது மருமகள், மகள், பெண்டாட்டி.

அதற்கு நாம் வைத்திருந்த சொற்களையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். கேரளத்தில் "சின்னன்" என்ற சொல் உண்டு, கிழவர் குழந்தையாகிவிட்டார் என்ற பொருளில். எங்கள் பக்கம் "நெனவு தப்பிடுச்சு", "புத்தி பேதலிச்சுடுச்சு". எல்லாமே நோயாளியைக் குறிக்கும் சொற்கள். பார்த்துக்கொள்பவளைக் குறிக்க ஒரு சொல்லும் இல்லை. அவள் மருமகளாக இருந்தாள், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். 2012 வாக்கில் அவர் கண்ணுக்கு ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். சுவரோரம் நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். சத்தம் போடாது. சாயங்காலமானால் வரும். "அதுங்களுக்குச் சோறு போடலியா?" என்பார். இந்த நோயில் தெரியும் காட்சிகள் பெரும்பாலும் இப்படித்தான்: தெளிவான உருவங்கள், குழந்தைகள், சிறு மனிதர்கள், பூனை, நாய். ஊரில் காத்துக் கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். இரண்டு மூன்று மாதம் சின்னம்மாவும் "யாருமில்ல, யாருமில்ல" என்று சண்டை போட்டுப் பார்த்தார். சண்டை போட்டால் ராத்திரி முழுக்கக் கூச்சல். ஒருநாள் அலுத்துப்போய் ஒரு தட்டில் கொஞ்சம் சோறு வைத்துச் சுவரோரம் தள்ளினார். சித்தப்பா அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அதற்கப்புறம் தினமும் அந்தத் தட்டு. மறுநாள் காலை அது கோழிக்கு. காட்சியை மறுத்து வாதாடாதீர்கள் என்று இன்று பராமரிப்புக் கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. சின்னம்மா கையேடு படித்தவர் இல்லை, பள்ளிக்கூடமே போகாதவர்.

இன்னொன்றையும் அவரே கண்டுபிடித்தார். சில நாள் காலையில் சித்தப்பா பேரன் பெயர், வயல் குத்தகைக் கணக்கு எல்லாம் சரியாகச் சொல்வார். மறுநாள் சட்டைக்குள் கையை நுழைக்கத் தெரியாது. வெளியூரிலிருந்து வரும் மகன், நல்ல நாளில் வந்துவிட்டால், "அப்பா நல்லாத்தானே இருக்காரு, நீதான் பெருசு பண்றே" என்பான். இந்த ஏற்ற இறக்கம் நோயின் இன்னொரு மைய அறிகுறி. திருச்சூரில் கே. எஸ். ஷாஜி உள்ளிட்டோர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட 17 பேரிடம் பேசி எழுதியது. பெரும்பாலோர் இளவயதுப் பெண்கள், பலர் மருமகள்கள். நோயாளியின் நடத்தையை வேண்டுமென்றே செய்வதாக வீட்டில் புரிந்துகொண்டார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. பார்த்துக்கொள்பவளின் பேச்சை நம்பாததும் இதே கதையின் மறுபாதி என்று சேர்த்துக்கொள்வேன்.

2014 ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி கூச்சல் அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். அடங்குவதற்கு ஊசி போட்டார்கள். அடங்கினார். காலையில் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தார். வாய் திறக்கவில்லை, எச்சில் முழுங்கவில்லை. நான்கு நாள். ஹாலோபெரிடால் என்ற அந்த மருந்து 1958-ல் பெல்ஜியத்தில் உருவானது, உலகமெங்கும் பயன்படுவது. லூயி பாடி நோயாளிகளுக்கு அந்த வகை மருந்துகள் கொடுத்தால் பாதிப்பேர் அளவுக்குக் கடுமையான எதிர்விளைவு வருகிறது, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர்கள் 1992-லேயே எழுதியிருந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் செய்தி எங்கள் ஊர்ப் பக்கம் வந்துசேரப் போதவில்லை. "இந்த ஊசி இவருக்கு ஆகாது" என்று சின்னம்மா அப்போதே சொன்னார். நர்ஸ் சிரித்தாராம்.

மறு வருஷம் பெரிய ஊரில் ஒரு மூளை நரம்பு மருத்துவரிடம் காட்டினோம். நானும் கூடப் போயிருந்தேன். அவர் நல்ல மருத்துவர், கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டார்: "தூக்கத்தில் கை கால் உதறுவாரா, கத்துவாரா?" மகனைப் பார்த்துக் கேட்டார். மகன் இல்லை என்றான். அவன் பத்து வருஷமாக அந்த வீட்டில் தூங்கவே இல்லை. சின்னம்மா கதவோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோப்பில் 2015 என்று விழுந்தது. நான் ஏன் அப்போது வாயைத் திறக்கவில்லை என்றால், எனக்கும் தெரியாது. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-ல் இறந்தபின் செய்த பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு லூயி பாடி நோய் என்று தெரிந்தது. அவருடைய மனைவி சூசன் ஷ்னைடர் வில்லியம்ஸ் 2016-ல் நரம்பியல் மருத்துவ இதழ் ஒன்றில், மருத்துவர்களை நோக்கியே, தான் கண்டதை எழுதினார். ஒரு மனைவியின் சாட்சியம் மருத்துவ இதழில் அச்சானது சிறிய விஷயமல்ல. அதற்கு எவ்வளவு புகழும் படிப்பும் தேவைப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் எங்கள் வீட்டில் வேறொன்று நடந்தது. அந்தப் பெயர் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தது. எழுபதுகளில் விழுந்த அடி, உடைந்த வளையல், நடுராத்திரி அம்மா வீட்டுக்கு ஓடிவந்தது, எல்லாம் வியாதியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. "அவன் என்ன பண்ணுவான், மூளையில கோளாறு" என்று சித்தப்பாவின் அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார். கேட்டவர்களுக்கும் அது வசதியாக இருந்தது, அவர்களில் பலர் திண்ணைப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள். நான் சின்னம்மாவைத் தனியாகக் கேட்டேன், அப்படியும் இருக்குமா என்று. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அது வேற பாப்பா, இது வேற. குடிச்சுட்டு அடிக்கறப்ப என் பேரச் சொல்லி அடிப்பாரு. தூக்கத்துல வேற யாரையோ அடிச்சாரு."

எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இது துல்லியம். கனவில் தன்னைத் தாக்க வருபவரை எதிர்த்து அடிக்கும் நோயையும், விழித்திருக்கும்போது மனைவி என்று தெரிந்தே அடிக்கும் உரிமையையும் அவர் ஒரே மூச்சில் பிரித்துவிட்டார். கோப்பு நோயைப் பன்னிரண்டு ஆண்டு தாமதமாகத் தொடங்கியது. உறவு அதை இருபத்தொன்பது ஆண்டு முன்னால் தொடங்கி ஒரு ஆணைச் சுத்தப்படுத்தப் பார்த்தது. இரண்டையும் அடி வாங்கிய உடம்பு ஒன்று ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியானால் ஏன் பார்த்துக்கொண்டார்? நம் பெண்ணியக் கூட்டங்களில் இதைச் சொன்னபோது இந்தக் கேள்விதான் முதலில் வந்தது. மன்னித்துவிட்டாரா? நான் கேட்டதற்குச் சின்னம்மா மன்னிப்பு என்ற சொல்லையே தொடவில்லை. "வேற யாரு இருக்கா?" என்றார். அதைத் தியாகம் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை, அடிமைத்தனம் என்று எழுதவும் வரவில்லை. வேறு யாரும் இல்லாதபடி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது என்று மட்டும் எழுத முடியும்.

ஏற்பாட்டைப் பாருங்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்திகளைப் பொறுப்பாக்குகிறது. 2019-ல் மருமகனையும் மருமகளையும் சேர்க்கத் திருத்த மசோதா வந்தது, சட்டமாகவில்லை. கடமையை யார் தலையில் வைப்பது என்பதில் இவ்வளவு யோசித்த சட்டம், பார்த்துக்கொள்பவளுக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கவில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. பார்க்கின்சன் நோய் அதில் பெயரோடு இருக்கிறது, டிமென்ஷியா பெயரோடு இல்லை. லேவி பார்த்த அதே உருண்டை கையை நடுங்க வைத்தால் பட்டியலில் இடமுண்டு. புத்தியைத் தடுமாற வைத்தால் எந்தப் பெயரில் மனு எழுதுவது?

2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பு நாளை அரைமணி நேரக் கூறுகளாகப் பிரித்தது. இரண்டு மணிக்கொருதரம் எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி படுப்பவளின் இரவு, அந்தக் கூறுகளில் தூக்கம் என்றுதான் விழுந்திருக்கும்.

ஏனென்றால் கடைசிக் கட்டம் என்பது இரவுகள்தான். 2017-லிருந்து சித்தப்பா எழவில்லை. உடம்பு விறைத்து, முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. தூக்கி உட்கார வைத்தால் ரத்த அழுத்தம் சரிந்து கண் செருகும், ஆகவே முதலில் தலையணை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தலையணை, அப்புறம் சுவர். தண்ணீர் புரையேறியது. கெட்டியான கேழ்வரகுக் கூழ் இறங்கியது. தண்ணீரையே கஞ்சியில் கலந்து கெட்டியாக்கி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்து, தொண்டை மேலும் கீழும் அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். முதுகில் புண் வராமல் பழைய வேட்டியை மடித்து மடித்து வைப்பது, மூத்திரத் துணி, மலம் இறங்காத நாலாம் நாள், அஞ்சாம் நாள். இடையே சில நாள் சித்தப்பா கண் திறந்து சின்னம்மாவின் பெயரைச் சொல்வார். அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டதும் இன்னும் ஒரு கணம் உடம்பு பின்வாங்கும் என்று சின்னம்மா ஒருமுறை சொன்னார். பின்வாங்கிவிட்டுக் கரண்டியை நீட்டுவார்.

எங்களுக்குக் கொஞ்சம் நிலமிருந்தது, சின்னம்மாவால் வீட்டில் இருக்க முடிந்தது. அதே ஊரில் காலனித் தெருவில், அதே மாதிரி மாமியாரை வைத்திருந்த ஒரு பெண் நடவுக்கும் களைக்கும் போனால்தான் உலை. வெளியே பூட்டிவிட்டுப் போவார், மதியம் ஓடிவந்து திறந்து ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவார். "பூட்டிப்போட்டுட்டுப் போறா" என்று அவரைப் பேசிய தெரு எங்கள் தெரு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறது. முன்பே வந்திருந்தால் இரண்டு வீட்டுக்கும் உதவியிருக்கும். ஆனால் அதில் கதவைத் தட்டும் தன்னார்வலர்களும் பெண்கள்தான், அவர்களுக்குக் கிடைப்பதும் சம்பளமல்ல, ஊக்கத்தொகை.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. கரையோர ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. சித்தப்பாவைக் கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூட முகாமில் வைத்தோம். இடம் மாறியதும் அவர் நிலை சரிந்தது, அதன்பின் மீளவில்லை.

சின்னம்மாவின் வீட்டில் உரக்கடைக்காரர் கொடுக்கும் மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கும். பால்காரருக்கான கணக்கை அதில்தான் வைப்பார், ஒரு ஆழாக்குக்கு ஒரு கோடு. சித்தப்பா இறந்து ஒரு வருஷம் கழித்துப் பழைய காலண்டர்களைப் பரணிலிருந்து இறக்கியபோது, பால் கோடுகளுக்குக் கீழே வேறு குறிகளைப் பார்த்தேன். வட்டம் போட்டது தெளிவாகப் பேசிய நாள். புள்ளி, பிள்ளைகள் வந்த நாள். பெருக்கல் குறி, ராத்திரி அடித்தது. 2009-லிருந்து இருக்கின்றன. அதற்கு முந்தியதை அடுப்பெரிக்கப் போட்டுவிட்டாராம். 2018-ஆம் ஆண்டுக் காலண்டரை முகாமுக்குப் போகும்போது சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் வடிந்து திரும்பியபோது மேல் பக்கத்து அட்டையும் உரக்கடையின் பெயரும்தான் மிச்சம்.